மிதி பியானோவுக்குத் துளை குத்திய கதை

1. துணி இல்லீங்க

கவுண்டர் அந்தக் காகிதச் சுருளை எங்கள் மேஜைமேல் வைத்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கொக்கித் தறிக்குங்க இது?" என்பதுதான்.

"தறிக்கு இல்லீங்க மொதலியாரே. இது பாட்டுங்க" என்றார் கவுண்டர்.

சேலம் அம்மாப்பேட்டையில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்தும் பட்டறை எங்களுடையது. யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். முதலாளி முத்துக்குமார முதலியார், நான், இன்னும் இரண்டு பேர். ஆக நாலு பேர். நான் வெண்ணந்தூர்க்காரன். ஸ்கூல் பைனல் வரை படித்திருந்ததால் டிசைனைக் கட்டத்தாளில் எழுதுவது என் பொறுப்பு.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பூப் போடுகிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே போகும், அதோடு பாவு இழையும் தூக்கும். துளை இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் ஓர் இழை. ஒரு முழக் கரைக்கு நூற்றுக்கணக்கில் அட்டைகள். ஒரு துளை தப்பினால் சேலை முழுக்க அந்தத் தப்பு நடந்துகொண்டே வரும். என் வயிற்றுப் புண்ணுக்கு அதுதான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னால் அவர் நம்புவதில்லை.

கவுண்டர் பெயர் செங்கோடக் கவுண்டர். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே அவருக்குத் தோட்டம். செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு வந்தவரிடம், காகிதத்தில் துளை போடுகிறவர்கள் அம்மாப்பேட்டையில் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"என்ற தங்கச்சி புருசன் வெள்ளக்கல் வெட்டற கரட்டுல காண்ட்ராக்ட் எடுத்துட்டு இருந்தாருங்க" என்று ஆரம்பித்தார். "அங்கிருந்த தொரை சீமைக்குத் திரும்பையில ஏலத்துல எடுத்த பொட்டி. மிதிச்சா தானே பாடும். அவரு போயிச் சேந்துட்டாரு. புள்ள குட்டி கெடையாது. தங்கச்சி நம்ம ஊட்டுக்கே வந்துட்டா. அவகூட ஒரு டிரங்குப் பொட்டியும் இந்தப் பாட்டுப் பொட்டியும் வந்துச்சு. மத்த சுருளெல்லாம் கரையான் தின்னுபோச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இதுவும் போன மழையில சிக்கிக் கிழிஞ்சுது. கிழிஞ்ச துண்டை, ஊடு கூட்டுனவ குப்பைன்னு நெனச்சு அடுப்புல வெச்சுட்டா."

"எவ்வளவு போச்சுங்க?"

"அதைப் பாக்கத்தானுங்க உங்ககிட்ட வந்தது."

பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, யாரோ எதிர்வாதம் செய்ததுபோலப் பேசினார். "பாடாத பொட்டி எனக்கு எதுக்குங்க? கடலக்கா ஊடு சேந்தா மூட்டை வெக்க எடமில்ல. சேலத்து மாதா கோயில்காரங்க கேட்டு உட்டிருக்காங்க. பாடுனா இருக்கட்டும், பாடலீன்னா வண்டி ஏத்திப்போடுவேன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. அதுதானுங்க ரோசனையா இருக்குது. ரெண்டு வார்த்தை சண்டை போட்டாக்கூடப் பரவால்ல."

2. சிரிப்பு எந்தத் துளையில்

சுருளின் தலைப்பில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை நான் படித்துச் சொன்னேன். ஒரு வேடிக்கையான இசை நாடகத்தில் வரும் பெண்ணின் பாட்டு, பியானோவுக்காக மாற்றி அமைத்தது.

"சிரிப்பு நாடகமா?" என்று முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எங்க, சிரிப்பு எந்த ஓட்டையில இருக்குன்னு காட்டுப்பா பார்க்கலாம்."

கிழிந்துபோன நீளத்தைச் சுருளில் இருந்த அடையாளக் கோடுகளைக்கொண்டு கணக்கிட்டேன். நாலு அடி. அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே யாரும் இல்லை. ஆனால் துளை எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அது போதும் என்று தோன்றியது.

அட்டைச் சரம் உலர்த்தும் கயிற்றில் சுருளை நீளவாக்கில் தொங்கவிட்டேன். பட்டறைக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. முற்பகலில் அதன் வழியே வெயில் சாய்வாக இறங்கும். அன்று அந்த வெயில் தாளின் துளைகளில் நுழைந்து தரையில் விழுந்தது. தாளின் இடது ஓரத்தில் நீள நீளத் துளைகள். அவை தரையில் மெதுவாக நகரும் கோடுகளாயின. வலது பக்கம் சின்னத் துளைகள், மூன்று மூன்றாக, கோழிக்குஞ்சுகள் வரப்பு ஏறுவதுபோல மேலே மேலே போயின. காற்று வந்து தாள் அசைந்தது. வெளிச்சப் புள்ளிகள் தரையில் ஓடி, சுவரில் ஏறி, முதலாளியின் சட்டையைத் தாண்டி, மறுபடியும் தரைக்கு வந்தன. நாலு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தமே இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஏதோ கேட்டது.

எனக்கு அது ஒரு துணியாகத்தான் தெரிந்தது. மிக மெல்லிய துணி, நூல் இல்லாமல் வெறும் இடைவெளிகளால் நெய்தது. அதை உடுத்திக்கொண்டு யாரோ தண்ணீருக்கு மேல் நடந்து போவதாக மனசுக்குள் ஒரு படம் வந்தது. ஏன் தண்ணீர் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஏப்பா கந்தசாமி, கச்சேரி முடிஞ்சுதா?" என்றார் முதலாளி. "குமாரபாளையத்து ஆர்டர் அப்படியே கிடக்கு."

கிழிசலுக்கு முந்தின நாலு அடியில் துளைகளை எண்ணினேன். முதல் தரம் அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் தரம் அறுநூற்றுப் பதினொன்று. மூன்றாம் தரம் மறுபடியும் அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்த ஒரு துளை இப்போதும் எனக்கு உறுத்தல்தான்.

3. கொடி ஏறினால் இறங்கும்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சேலைக் கரையில் ஒரு கொடி வேண்டுமென்றால் கொடி முழுவதையும் எழுதமாட்டோம். கீழிருந்து உச்சிப் பூ வரை பாதிதான் எழுதுவோம், பாதிக்குத்தான் அட்டை குத்துவோம். உச்சி வந்ததும் அதே அட்டைச் சரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறின கொடி ஏறின வழியிலேயே இறங்கிவிடும். இதற்குத் திருப்பு என்று பெயர். பாதி அட்டை மிச்சம், பாதி உழைப்பு மிச்சம். கண்ணுக்கும் நிறைவாக இருக்கும். உச்சியில் போய் அந்தரத்தில் நிற்கும் கொடியை எந்தப் பெண்ணும் கட்டமாட்டாள் என்று முதலாளி சொல்வார்.

கிழிசலின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். சின்னத் துளைகள் வலது ஓரத்தின் உச்சிவரை ஏறியிருந்தன. கீழ் ஓரத்தைப் பார்த்தேன். துளைகள் இடது பக்கம் அடியில் கிடந்தன. நடுவே இல்லாத நாலு அடி. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுல என்ன யோசனை?" என்றார் அவர். "ஏறிருச்சு. இறங்கணும். திருப்பிப் போடு."

எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஏற்றத்தைப் பின்னோக்கி எழுதிப் பார்த்தேன். கடைசித் துளை கீழ் ஓரத்தின் முதல் துளைக்குப் பக்கத்தில் போய் அழகாக உட்கார்ந்தது. அதைவிட வேறு சாட்சி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

காகிதம்தான் என்னைப் படுத்தியது. எங்கள் அட்டை தடிமன், சுருளாது. எழுதும் தாளைப் போட்டால், பெட்டியை மிதிக்கும்போது கிழியும் என்று பயம். கடைசியில் மில் நூல் கட்டுகளைச் சுற்றி வரும் தாளை எடுத்து, மெழுகு தேய்த்து, கல் வைத்து அழுத்தினேன். பட்டறையில் இருந்த மெஷின் இதற்கு உதவாது, அதன் துளைக் கணக்கு வேறு. துளை போடும் சின்ன உளியை வைத்து மரச் சுத்தியால் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒட்டுவதற்குக் கஞ்சிப் பசை போட்டால் கரப்பான் தின்னும் என்று அதில் மயில்துத்த விஷத்தைக் கலந்தேன். கலந்த பிறகு, கவுண்டர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது நக்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை வந்தது.

4. மிதி

சுருளைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். பஸ்ஸில் சுருளை மடியிலேயே வைத்திருந்தேன். மெயின் ரோட்டில் இறங்கி மாட்டு வண்டி. இருபுறமும் கடலைச் செடி பிடுங்கிக் குவித்திருந்தார்கள். மண் வாசனை. வெயில் தணிந்து, தூரத்தில் திருச்செங்கோட்டு மலை நீலமாக, பாதி கரைந்ததுபோல் நின்றது. வண்டி ஆடிய ஆட்டத்தில் நான் பாதி உறக்கத்தில் இருந்தேன். என் விரல்கள் மட்டும் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தன.

கவுண்டர் வாசலிலேயே நின்றார். "வாங்க. நாளைக்குக் கடலக்கா வருது. இன்னைக்கே தெரிஞ்சாகோணும்" என்றார்.

கூடத்தில் அந்தப் பெட்டி இருந்தது. கறுப்பு மரம், ஆள் நெஞ்சு உயரம். அதன்மேல் ஒரு பக்கத்தில் புளிப் பானைகள் இரண்டு. பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மா, நாற்பது வயதுக்குள் இருக்கும். கவுண்டரின் தங்கை பாவாயி அம்மாள்.

"பாட்டுக்குப் பாவு ஓட்டுனவரு நீங்கதானா தம்பி?" என்றார்.

"ஆமாங்கம்மா. கேட்டதில்லீங்க, குத்தினது மட்டும்தான்."

"கேக்காமயே குத்திப்போட்டீங்களா? பலே கைதான்."

பெட்டியின் மார்பில் ஒரு கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பித்தளைப் பட்டை, அதில் வரிசையாகச் சின்னக் கண்கள். என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்பத்தெட்டு. சுருளின் துளை ஒரு கண்ணுக்கு நேரே வரும்போது காற்று உள்ளே போய் அதற்குரிய சுத்தியல் கம்பியை அடிக்கும் என்று அவர் காட்டினார். கீழே இரண்டு மிதிகள். எங்கள் தறி மிதியைப் போலத்தான்.

சுருளை மாட்டியபடியே கதை சொன்னார். "இதென்ன பாட்டுன்னு தெரியுமா தம்பி? தொரசானி சொல்லி, என்ற ஊட்டுக்காரரு எனக்குத் தமிழ்ல சொன்னாரு. ஒரு புள்ள சந்தையில முட்டை வித்துட்டு இருக்கறா. ஊர்ப் பணக்காரக் கெழவன் ஒருத்தன் அவளக் கட்டிக்கோணும்னு வந்து நிக்கறான். அவ அவன் மீசையக் கேலி பண்ணி, நடையக் கேலி பண்ணி, கூடையத் தூக்கிட்டு ஆத்துப் பாலத்து மேல சிரிச்சுட்டே ஏறிப் போயிருவா. நாடகத்துல இதுக்கு வார்த்தை எல்லாம் இருக்குதாமா. பொறவு ஒருத்தரு வார்த்தைய எடுத்துப்போட்டு வெறும் வெரலுக்கு ஆக்கிட்டாரு. வார்த்தை போச்சு, சிரிப்பு மட்டும் நின்னுபோச்சு."

"எந்த இடத்துலங்கம்மா கிழிஞ்சது?" என்று கேட்டேன்.

"பாலத்து உச்சியில. அதுக்குப் பொறவு அவ அக்கரையில எறங்கி, சத்தம் கொறஞ்சு கொறஞ்சு, தூரமாப் போயிருவா. திரும்பியே பாக்க மாட்டா. இங்க கெழவன் தனியா நின்னு மொணமொணன்னு பொலம்புவான். அவ்வளவுதான் பாட்டு."

திரும்பியே பார்க்காதவளை நான் திருப்பிப் போட்டிருந்தேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் இடது பக்கத்து நீளத் துளைகள். அவை நடை. சந்தைக் கூட்டத்தின் மந்தமான நடை. அதன்மேல் அந்தச் சின்னத் துளைகள் வந்தன. பட்டறைத் தரையில் ஓடிய வெளிச்சப் புள்ளிகளே சத்தமாக மாறி வந்ததுபோல் இருந்தது. எந்தத் துளை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், அது என்ன சொல்லும் என்றுதான் தெரியாது. கூடத்தின் தூண்கள், புளிப் பானை, வாசலில் நின்ற மாடு எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அசைவில்லாமல் ஆயின. மூன்று மூன்றாகச் சிரித்துக்கொண்டு அவள் பாலம் ஏறினாள். உச்சிக்கு வந்தாள்.

அங்கே என் காகிதம் தொடங்கியது.

அவள் நின்றாள். பிறகு அதே படிகளில், அதே மூன்று மூன்றாக, ஏறின வழியிலேயே இறங்கி வந்தாள்.

பாவாயி அம்மாளின் கால்கள் நின்றுவிட்டன. பாட்டும் நின்றது.

"வந்துட்டாளே" என்றார்.

5. நாளைக்குக் கடலைக்காய்

நான் எழுந்து நின்றேன். "அம்மா, தப்பு என்னுதுங்க. கரைக்குப் போடற மாதிரி திருப்பிப் போட்டுட்டேன். பழைய பாட்டு உங்களுக்கு ஞாபகம் இருந்தா முணுமுணுத்துக் காட்டுங்க. சேலம் போய் வேற குத்தித் தாரேன்."

அவர் சுருளைத் திரும்பச் சுற்றி, மறுபடியும் முதலில் இருந்து மிதித்தார். அவள் ஏறினாள், இறங்கினாள், கிழவன் முணுமுணுத்தான். இம்முறை நிற்காமல் கடைசிவரை போயிற்று.

கவுண்டருக்குப் பொறுமை இல்லை. "ஏம்புள்ள பாவாயி, செரியா இருக்குதா இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு. செரியில்லீன்னா காலையில வண்டி பூட்டோணும். அவரு சேலம் போயி, குத்தி, கொண்டாந்து, அதுவரைக்கும் மூட்டைய என்ற தலையிலயா வெக்கறது?"

அந்த அம்மாள் சரியில்லை என்றால் பெட்டி போய்விடும். சரி என்றால் பொய். நான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஒருவனுடைய நாலு அடித் தாளால் ஒரு மனுஷியிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் மாதா கோயிலுக்குப் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி அம்மாள் சுருளில் என் மெழுகுக் காகிதம் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"அண்ணா, இவ பாலத்தத் தாண்டிப் போனவ. போனவளா இத்தன வருசம் இவளக் கேட்டுட்டு இருந்தேன். இப்ப போன வழியிலயே ஊடு திரும்பி வந்துட்டா. என்னையாட்டவே."

கவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு கேட்டீங்களாண்ணா?" என்று அவர் தொடர்ந்தார். "போகையில சிரிச்ச அதே சிரிப்புத்தான். ஒரு சிரிப்புக்கூடக் கொறையல. சிரிச்சுட்டேதான் திரும்பி வாரா. செரியாத்தான் இருக்குது. இப்படியே இருக்கட்டும்."

கவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். வாசல் பக்கம் போய், வெளியே இருந்த ஆட்களிடம் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"டேய், மூட்டைய நாளைக்கு வண்டிச் சாளையில அடுக்குங்கடா. வண்டி வெளிய நிக்கட்டும். மழை வந்தா தார்ப்பாய் போட்டுக்கலாம்."

திரும்பி வந்து என்னிடம், "எல்லாஞ் செரி, அந்தக் கெழவன் மொணமொணக்கறது மட்டும் ரொம்ப நல்லாக் கேக்குதுங்க" என்றார்.

"அது நீங்கதானுங்கண்ணா" என்றார் பாவாயி அம்மாள்.

கவுண்டர் சிரிக்கவில்லை. ஆனால் புளிப் பானை இரண்டையும் தூக்கித் தரையில் வைத்தார்.

6. பிறகு

பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஏத்தத்தை நீ எழுதி வெச்சிருக்கேல்ல? கரையில போட்டுப் பாரு" என்றார். அவர் புத்தி அப்படி. போட்டேன். கொடி மாதிரியும் இல்லை, பூ மாதிரியும் இல்லை. தூறல் விழுந்த தரை மாதிரி வந்தது. பதினெட்டுச் சேலை நெய்தோம். பதினேழு விற்றது. பதினெட்டாவது என் கல்யாணத்துக்கு உதவியது. என் வீட்டம்மா அதைக் கட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் துளை எண்ணுவேன். அவளுக்கு அது பிடிக்காது.

பல வருஷம் கழித்து ஒரு நாள், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர் வீட்டுக்குச் சேலைப் பார்சல் கொடுக்கப் போயிருந்தேன். உள்ளே அவர் மகள் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் அந்த மந்தமான நடை. பிறகு மூன்று மூன்றாக அந்தச் சிரிப்பு. பார்சலோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். முட்டை விற்றவள் பாலம் ஏறினாள், உச்சிக்கு வந்தாள். வந்து, எனக்குத் தெரியாத ஒரு வழியில் அந்தப் பக்கம் இறங்கினாள். சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. தெருவில் சைக்கிள் மணி, மரத்தில் காக்கை, எல்லாவற்றுக்கும் அப்பால் அவள் போய்க்கொண்டே இருந்தாள். அழகாகத்தான் இருந்தது. இப்படித்தான் அது இருந்திருக்கிறது.

வாசித்து முடித்து வந்த பெண், "என்னங்க, உட்காருங்களேன், ஏன் நிக்கறீங்க?" என்றாள்.

"இல்லீங்கம்மா. இன்னொருத்தர் வரணும்" என்று சொல்லிவிட்டேன். பாலம் தாண்டிப் போனவளைத்தான் சொன்னேன் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்காது.

டிசைன் போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கிழிந்த இடத்தின் இரண்டு ஓரத்தையும் பார்த்து நடுவில் என்ன இருந்தது என்று முடிவு செய்துவிடாதீர்கள். துளை பொருந்தியதால் மட்டும் அது சரியாகிவிடாது. முதலில் போய் அதை வைத்திருந்தவரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் தப்பை, அதைக் கேட்டு வாழ வேண்டியவர் தானே சரியாக்கிக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள் எல்லா வேலைக்கும் கிடைப்பதில்லை. நாற்பத்தொரு வருஷ வேலையில் எனக்கு ஒரு தரம்தான் கிடைத்தது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.